காய்ச்சலா, கீமோ சூடா? நர்ஸ் எதை முதலில் சொல்லிக் கொடுப்பது

கேள்வி | ஜூன் 3, மாலை 6.15

பி.எஸ்சி. நர்சிங் நாலாவது செமஸ்டர் படிக்கிறேன். அடுத்த வாரம் கீமோ டேகேர் வார்டில் (புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பும் இடம்) நான் ஹெல்த் டாக் கொடுக்க வேண்டும். தலைப்பு 'கீமோதெரபியின் பக்கவிளைவுகளும் வீட்டுப் பராமரிப்பும்'. நேரம் 20 நிமிடம். மேடம் கொடுத்த பட்டியலில் 14 பாயின்ட்: குமட்டல், வாந்தி, வாய்ப்புண், பேதி, மலச்சிக்கல், முடி உதிர்தல், அசதி, தொற்று என்று போகிறது. ஃபிளிப் சார்ட் எழுத உட்கார்ந்தால் முதல் தாளே ஓடவில்லை. முடி கொட்டுவதில் ஆரம்பித்தால் எல்லாரும் கவனிப்பார்கள், படமும் வரையலாம் என்று நினைக்கிறேன். சரிதானே? வார்டில் வேலை பார்த்த அக்காக்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 10.40

சரியில்லை தங்கச்சி. காய்ச்சலில் ஆரம்பி.

பதினோரு வருஷம் கீமோ டேகேரில் இருந்துவிட்டு இப்போது டியூட்டராக இருக்கிறேன். 20 நிமிடத்தில் 14 பாயின்ட் என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. எதிரே இருப்பவர்களுக்குக் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும், பாதிப் பேர் அவில் ஊசி போட்ட தூக்கத்தில் இருப்பார்கள், கூட வந்தவர் இன்சூரன்ஸ் கவுன்டருக்கு ஓடியிருப்பார். இந்த நிலையில் ஒரே ஒரு விஷயம் அவர்கள் மண்டையில் ஏறும் என்றால் அது எதுவாக இருக்க வேண்டும் என்று யோசி. முடி கொட்டி யாரும் சாகவில்லை. வாந்திகூடக் காலை வரை தாங்கும். காய்ச்சல் தாங்காது.

கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும். நியூட்ரோபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு) 500-க்குக் கீழே போனவருக்குக் கிருமி புகுந்தால் சண்டைக்கு ஆள் கிடையாது, அதனால் சண்டை நடக்கும் தடயமும் இருக்காது. புண் சிவக்காது, சீழ் கட்டாது, நெஞ்சில் சளி நிறையாது. காய்ச்சல் ஒன்றுதான் தகவல். 100.4 ஃபாரன்ஹீட் (செல்சியஸில் 38) வந்தால் அந்த நிமிடமே போன், நடுராத்திரி என்றாலும் கிளம்பு, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போடாதே, அது காய்ச்சலை மறைத்துவிடும். உன் முதல் தாளில் இது மட்டும் இருக்கட்டும். மிச்சம் 13-ஐ மேடம் கேட்டால் கடைசித் தாளில் சின்ன எழுத்தில் எழுதிக்கொள்.

ஜூன் 4, காலை 5.50

ராத்திரி எழுதியதில் ஒன்றை விழுங்கிவிட்டேன். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு.

வாழை விவசாயி ஒருவர், அறுபது வயசு இருக்கும், நிணநீர்க் கட்டிக்குக் கீமோ. முதல் சுற்று முடிந்து வீட்டுக்குப் போகும்போது நான்தான் தாளைக் கையில் கொடுத்தேன். அச்சடித்த தாள், இங்கிலீஷிலிருந்து யாரோ மொழிபெயர்த்தது: '38 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பநிலை உயரும்பட்சத்தில் உடனடியாகத் தொடர்பு கொள்ளவும்.' வாயாலும் சொன்னேன், காய்ச்சல் வந்தா உடனே வந்துடுங்கய்யா என்று. தலையாட்டினார். ரிஜிஸ்டரில் 'விளக்கப்பட்டது' என்று எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி உடம்பு கதகதத்திருக்கிறது. மருமகள் பிளஸ் டூ படித்த பெண், பொறுப்பான பெண். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறாள், 101.6. தாளை எடுத்துப் பார்த்திருக்கிறாள், அதில் 38. இரண்டும் ஒட்டவே ஒட்டாத எண்கள். தாளில் இருப்பது ஏதோ ரத்த டெஸ்ட் கணக்கு போலிருக்கிறது என்று மடித்து வைத்துவிட்டாள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "இது காய்ச்சல் இல்லம்மா, மருந்துச் சூடு. ரெண்டு எளநி வெட்டிக் குடிச்சா எறங்கிரும்." இளநீர் குடித்தார். கடையில் ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போட்டார். இறங்கியது. மறுநாள் ஏறியது, இன்னொன்று போட்டார், இறங்கியது. அதற்கடுத்த நாள் மத்தியானம் பஸ் மாறி வந்து சேர்ந்தபோது பிரஷர் மேல் எண்ணே 70. ஐ.சி.யூ.வில் பதினோரு நாள்.

பிழைத்துக்கொண்டார். அடுத்த சுற்றுக்கு மருந்து அளவைக் குறைத்து, கூடவே வெள்ளை அணு ஏறுவதற்கான ஊசியும் சேர்த்தார்கள். அவர் என்மேல் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. வாழைத்தார் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூன் 4, மதியம் 2.05

டூட்டி இடைவேளையில் எழுதுகிறேன். காலையில் எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர், 'செல்சியஸ், ஃபாரன்ஹீட் குழப்பம்தானே, தாளைத் திருத்தினால் முடிந்தது' என்று கேட்டிருக்கிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். திருத்தவும் செய்தோம். அதற்கப்புறமும் இதே மாதிரி வந்தார்கள்.

எண்ணைவிடப் பெரிய இடறல் 'சூடு' என்ற சொல். நம் ஊரில் கீமோ என்றாலே சூடு. வாய் வெந்தால் சூடு, மூத்திரம் எரிந்தால் சூடு, மலம் இறுகினால் சூடு, கண் எரிந்தால் சூடு. சூட்டுக்கு வைத்தியம் எல்லாருக்கும் தெரியும்: இளநீர், மோர், வெந்தயம், தலைக்கு நல்லெண்ணெய். யாரும் சூட்டுக்காக ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டார்கள். காய்ச்சல் என்றால் குளிர் நடுக்கி, போர்வை போர்த்தி, அனத்த வேண்டும். 101 டிகிரியில் எழுந்து நடமாடும் மனுஷர் தனக்குக் காய்ச்சல் என்று எப்படி நம்புவார்? ஆகவே நான் 'காய்ச்சல் வந்தால்' என்று சொன்னது அவர் காதில் சரியாகவே விழுந்தது, அவருக்கு வந்தது காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நான் சொல்வதை மாற்றிக்கொண்டேன். "உடம்பு சூடா இருக்குன்னு தோணுச்சுன்னா, மருந்துச் சூடுன்னு நெனச்சாலும் சரி, மொதல்ல தெர்மாமீட்டர். அப்புறம் எளநி." இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் நினைவிருக்கும்.

ஜூன் 4, இரவு 9.30

தங்கச்சி, உன் ஃபிளிப் சார்ட்டில் போடுவதற்கு முன்னால் நோயாளிகள் பேசும் சொற்களை ஒரு நோட்டில் எழுது. பாடப்புத்தகத்தில் 'நியூரோபதி' என்று இருக்கும். அவர்கள் சொல்வது மதமதப்பு, மரத்துப் போச்சு, எறும்பு ஊர்றாப்ல, பஞ்சு மேல நடக்கிறாப்ல. அசதியை 'அடிச்சுப் போட்ட மாதிரி' என்பார்கள். வாய்ப்புண் என்று சொல்பவர் இட்லி சாப்பிடுகிறார், 'வாய் வெந்துபோச்சு' என்பவர் தண்ணீரும் இறங்காமல் இருக்கிறார். இரண்டுக்கும் இடையே கிரேடு (கடுமையை அளக்கும் படி) ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரம்.

பேதியைக் கேட்பது தனிக் கலை. இருபது வயசுப் பொண்ணு எழுபது வயசுத் தாத்தாவிடம் "மோஷன் எத்தனை தடவை" என்றால் "நல்லாப் போகுதும்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். வழக்கமாக எத்தனை தடவை, இப்போது எத்தனை தடவை என்று சேர்த்துக் கேள், ஏனென்றால் வழக்கத்தைவிட எத்தனை கூடியது என்பதுதான் கணக்கு. நாலுக்குள் கூடினால் கிரேடு ஒன்று, நாலு முதல் ஆறு இரண்டு, ஏழும் அதற்கு மேலும் மூன்று. மூன்று என்றால் அட்மிஷன் வரைக்கும் போகும். பாட்டி இருந்தால் பாட்டியிடம் கேள், விரல் விட்டுச் சொல்வார்.

ஜூன் 5, காலை 6.20

என் முதல் குறிப்பில் ஒரு தப்பு. தப்பு என்றால் எண் சரிதான், ஆனால் சொல்லும் விதம் தப்பு.

100.4 என்று எழுதியிருந்தேன். வாயால் 'நூறு புள்ளி நாலு' என்று சொல்லிப் பார். இப்போது பின்னால் சக்சன் மிஷின் ஓடுகிறது, பக்கத்துக் கட்டிலில் போன் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள். ஒரு அம்மா அதை 'நூத்தி நாலு' என்று பிடித்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். மறுமுறை வந்தபோது அவராகவே பெருமையாகச் சொன்னார்: "102 வரைக்கும்தான் போச்சு சிஸ்டர், நீங்க சொன்ன 104 வரவே இல்ல." எனக்குக் கை நடுங்கியது. நல்லவேளை அது வெறும் சளிக்காய்ச்சலாகப் போனது.

அதற்கப்புறம் நான் புள்ளியை விட்டுவிட்டேன். நூறைத் தாண்டினால் கூப்பிடு, முடிந்தது. டாக்டர்கள் எழுதும் வரையறை செல்சியஸில் 38.3 ஒரு தடவை, அல்லது 38 ஒரு மணி நேரம் நீடித்தால் என்று இருக்கும், அது நமக்கு. வீட்டுக்கு 'நூறு' போதும். 100.2-க்குப் போன் வந்தால் என்ன நஷ்டம், ஒரு போன் கால்தானே? "டூட்டி டாக்டர் திட்டுவார்" என்று ஜூனியர் ஒருத்தி சொன்னாள். திட்டட்டும்.

கூடவே: அக்குளில் வைத்தால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். வாய் புண்ணாக இருப்பவர் வாயில் வைக்க முடியாது, அக்குள்தான், அப்போது நூறுக்குக் காத்திருக்காதே. ஆசனவாயில் வைக்கவே கூடாது, எனிமாவும் கூடாது, அங்கே கீறினால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

ஜூன் 5, இரவு 11.10

வாந்தி பற்றிக் கேட்டிருந்தீர்கள், நாலைந்து பேர்.

பாடத்தில் மூன்று வகை: கீமோ போட்ட 24 மணி நேரத்துக்குள் வருவது, அதற்கு மேல் வருவது, பழைய கீமோ நினைவில், அதோடு சம்பந்தப்பட்டதைப் பார்த்தாலே கீமோவுக்கு முன்னாலேயே வருவது. வார்டில் முதல் வகை எங்கள் கண் முன்னால் நடப்பதால் நாங்கள் அதை நன்றாகவே கவனித்துவிடுகிறோம். ஏமாறுவது இரண்டாவதில். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர் முதல் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார், இரண்டாம் மூன்றாம் நாள் சுருண்டுவிடுவார். மாத்திரை கையில் இருக்கும். போட்டிருக்க மாட்டார், "வாந்தி வரலையே, எதுக்குப் போடணும்" என்று. வரும் முன் போட வேண்டிய மாத்திரை என்பதை நாம் சொல்லவில்லை, 'வாந்தி மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்தோம். வாந்தி வந்தால் போடுவது வாந்தி மாத்திரை. அவர் புரிந்துகொண்டதில் என்ன தப்பு?

இன்னொரு கூத்து ஓலன்சபின். குமட்டலுக்கு அருமையான மருந்து, ராத்திரி ஒன்று. மகன் போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு ஏன் மனநோய் மாத்திரை கொடுத்தீங்க" என்று சண்டைக்கு வருவார். சண்டைக்கு வருபவர் பரவாயில்லை. வராதவர்கள் பேசாமல் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிடு: இது அந்த நோய்க்கும் கொடுக்கிற மருந்துதான், உங்களுக்குக் குமட்டலுக்காகக் கொடுக்கிறோம், தூக்கம் வரும், ராத்திரி எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு போங்கள். முன்பு 10 மி.கி. கொடுத்து ஆட்கள் மறுநாள் மத்தியானம் வரை சொக்கிக் கிடப்பார்கள். மும்பை டாடா மெமோரியலில் 2.5 மி.கி. கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, வாந்தியைத் தடுப்பதில் 10-க்குக் குறையவில்லை, தூக்கக் கலக்கம் குறைவு என்று 2024-இல் வெளியிட்டார்கள். எங்கள் சீனியர் டாக்டர் அதைப் படித்துவிட்டு எழுதும் அளவை மாற்றினார், சுவரைப் பிடித்து நடப்பது குறைந்தது.

மூன்றாவது வகைக்கு ஒரு கதை. கல்யாண வீடு ஒன்றில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், பட்டுப்புடவை, தலையில் பூ. எதிர் வரிசையில் ஒருவர் என்னைப் பார்த்தார், வணக்கம் வைத்தார், அப்படியே ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினார். ஆறு சுற்றுக் கீமோவும் நான் ஊசி குத்தியவர், முடிந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. பக்கத்து இலைக்காரர்கள் சாம்பாரை முகர்ந்து பார்த்தார்கள். பெண் வீட்டார் சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் என்ன சொல்ல முடியும்?

ஜூன் 6, காலை 7.00

வாந்தியைத் தடுக்கும் ஆன்டன்செட்ரான் மலச்சிக்கல் தரும் என்பதை விட்டுவிட்டேன். வாந்திக்கே கொடுக்கும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ராத்திரி போட்டால் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள், காலையில் போடச் சொல். சர்க்கரை இருப்பவருக்கு அந்த நாலைந்து நாள் சர்க்கரை எகிறும், அதையும் சொல்லி வை.

ஜூன் 6, மாலை 5.45

'எல்லாம் காய்ச்சலுக்கு அப்புறம்தான்' என்ற தொனியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இன்றைக்கு வார்டில் மாணவிகளோடு நின்றபோது நினைவு வந்தது, காய்ச்சலுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஊசி ஏறும்போதே சொல்ல வேண்டியது.

டாக்ஸோரூபிசின், அதுதான் எல்லாரும் சொல்லும் சிவப்பு மருந்து. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைத் தின்றுவிடும். எரிந்தால் சொல்லுங்கள் என்று எல்லா நர்ஸும் சொல்கிறோம். ஒரு அம்மா பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கை வீங்கியதை நான் பார்த்துவிட்டுக் கேட்டால், "நீங்க அங்க பிஸியா இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு பொறுத்துக்கிட்டேன் கண்ணு" என்கிறார். கேன்சர் என்றால் வலிக்கத்தான் செய்யும், ஊசி என்றால் எரியத்தான் செய்யும் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருக்கும் ஜனங்கள் இவர்கள். 'எரிந்தால் சொல்லுங்கள்' போதாது. 'பொறுத்துக்காதீங்க, பொறுத்துக்கிட்டா கை போயிரும்' என்று சொன்னால்தான் வாயைத் திறக்கிறார்கள். பயமுறுத்தாதே என்று பாடம் சொல்லும். இந்த ஒரு இடத்தில் நான் பாடத்தைக் கேட்பதில்லை.

மாணவிகளுக்கு: கசிந்தது சிவப்பு மருந்தென்றால் குளிர் ஒத்தடம், இன்னொரு கீமோ மருந்தான வின்கிரிஸ்டின் என்றால் சூட்டு ஒத்தடம். மாற்றிக் கொடுத்துவிடாதே. நோயாளிக்கு: சிவப்பு மருந்து போட்டால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை. இதைச் சொல்லாமல் அனுப்பினால் அன்றைக்கு ராத்திரியே அலறிக்கொண்டு வருவார்கள்.

ஜூன் 7, காலை 10.15

வின்கிரிஸ்டின் என்றதும் ஒருவர் நித்தியகல்யாணிச் சாறு குடிக்கலாமா என்று கேட்டுவிட்டார். வரும் என்று எனக்குத் தெரியும். ஆமாம், அந்தச் செடியிலிருந்து எடுப்பதுதான், சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோமே, அதேதான், தென் மாவட்டங்களில் வயலிலேயே போடுகிறார்கள். ஆனால் பெரியவர் ஒருவருக்கு ஊசியில் போகும் மொத்த வின்கிரிஸ்டினே வழக்கமாக 2 மி.கி.க்கு மேல் போவதில்லை. அதற்கே குடல் அசைவு நின்று வயிறு உப்பும், கால் மதமதக்கும். முதுகுத்தண்டில் தவறிப் போய்விட்டால் உயிரே போகும், அதனால்தான் சிரிஞ்சில் எடுக்காமல் சின்ன சலைன் பையில் கலந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட மருந்து இருக்கும் இலையை எத்தனை கைப்பிடி என்று தெரியாமல் அரைத்துக் குடிப்பதா? வேண்டாம் அண்ணே. வாசலில் பூக்கட்டும்.

ஜூன் 7, இரவு 8.50

வாய்ப்புண்ணுக்கு வீட்டில் செய்யக்கூடியது: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கலாம். கடையில் விற்கும் ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், புண்ணில் மிளகாய்ப்பொடி வைத்த மாதிரி இருக்கும். ஃபைவ் எஃப்யூ என்ற கீமோ ஊசியை ஒரேயடியாகத் தள்ளும்போது அதற்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்து அரை மணி நேரம் ஐஸ் துண்டைச் சப்பினால் வாயில் ரத்த ஓட்டம் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போகும், புண் குறையும். செலவில்லாத வைத்தியம். வார்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஐஸ் டிரேயை யாராவது எடுத்துவிடுவார்கள், அதுதான் சிக்கல்.

ஜூன் 8, காலை 5.30

மேலே எழுதியதைத் தயவுசெய்து இதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு தங்கை அவள் அப்பாவுக்கு ஐஸ் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாள். மருந்துச் சீட்டில் ஆக்ஸாலிபிளாட்டின் இருக்கிறது. வேண்டாம்!

குடல் கேன்சருக்கு ஃபைவ் எஃப்யூவும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்தே வரும், அதை நான் நேற்றே எழுதியிருக்க வேண்டும். ஆக்ஸாலிபிளாட்டின் போட்டவருக்குக் குளிர்ச்சியே ஆகாது. ஐஸ் பட்டால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிட்ட மாதிரி பதறிப்போவார். ஃபிரிட்ஜ் கைப்பிடி, அதிகாலையில் மொசைக் தரை, குளிர்ந்த எவர்சில்வர் சொம்பு, எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடிப்பது போல இருக்கும். நாலைந்து நாளாவது வெதுவெதுப்பான தண்ணீர், காலில் செருப்பு. ஒரே வார்டில் அடுத்தடுத்த நாற்காலியில் ஒருவருக்கு ஐஸ் மருந்து, இன்னொருவருக்கு ஐஸ் விஷம். 'கீமோ பக்கவிளைவு' என்று மொத்தமாக ஒரே தாள் அச்சடித்து எல்லாருக்கும் கொடுப்பதில் இதுதான் கோளாறு, நானே நேற்று அந்தத் தாள் மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

தங்கை படித்துவிட்டாள், பதில் போட்டுவிட்டாள். ஐஸை ஜூஸ் போடப் பயன்படுத்திக்கொள்கிறார்களாம், அப்பாவுக்கு அல்ல.

ஜூன் 9, இரவு 10.00

மாத்திரைக் கீமோக்காரர்களை எல்லாரும் மறந்துவிடுகிறோம். டேகேர் நாற்காலியில் உட்காராததால் நர்ஸ் கண்ணிலேயே படாமல் மருந்துக் கவுன்டரோடு போய்விடுகிறார்கள். கேப்சிடபின் 14 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும், சாப்பிட்ட அரை மணிக்குள் போட வேண்டும். உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து, தோல் உரிந்து, சாவிகூடப் பிடிக்க முடியாமல் வருவார்கள். டெல்லி எய்ம்ஸில் ஒரு சோதனை நடத்தினார்கள். மூட்டுப் பிடிப்புக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லை முன்கூட்டியே கைகளில் தடவ வைத்தார்கள். நடுத்தரம், கடுமை என்ற அளவில் இந்தத் தொல்லை வந்தவர்கள் 3.8 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15. 2024-இல் வந்த முடிவு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தடவுங்கள். எனக்கு இதில் பிடித்தது, எந்தப் பெட்டிக் கடையிலும் பெயர் சொன்னால் கிடைக்கும் ஜெல்.

பெட்டிக் கடை இல்லை, மெடிக்கல் ஷாப். அவசரத்தில் எழுதிவிட்டேன்.

கேள்வி கேட்டவர் | ஜூன் 11, மாலை 7.20

அக்கா, டாக் முடிந்தது. காய்ச்சலில்தான் ஆரம்பித்தேன். பெரிய தெர்மாமீட்டர் வரைந்து நூறுக்கு மேல் சிவப்பு அடித்தேன். ஆனால் முதல் பத்து நிமிடம் யாருமே சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு அக்கா, "முடி எப்பம்மா கொட்டும்" என்று கேட்டார், அதற்குப் பதில் சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் முதலில் நினைத்தது சரிதானோ?

ஜூன் 11, இரவு 9.40

பாதி சரி. ஒத்துக்கொள்கிறேன்.

முடி கொட்டி யாரும் சாகவில்லை என்று ஜம்பமாக எழுதினேன், இல்லையா? எழுதியவளுக்கு முடி இருக்கிறது. முடிக்காகக் கீமோவே வேண்டாம் என்று போன பெண்ணை எனக்குத் தெரியும். அவருடைய பயம் மொட்டையைப் பற்றி இல்லை. தெருவில் நடந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்பதுதான். அதை என்னிடம் சொல்ல அவருக்கு மூன்று விசிட் ஆனது, நான் முதல் விசிட்டிலேயே "முடி திரும்ப வளர்ந்துடும்மா" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

இன்னொருவர் கெட்டிக்காரி. இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும் என்று சொன்னதும், முதல் கீமோ முடிந்த மூன்றாம் நாளே சமயபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கேட்டவர்களிடம் நேர்த்திக்கடன் என்றார். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க, "ஆத்தாவுக்கு இன்னொரு மொட்டை பாக்கி இருக்கு" என்று ஓட்டினார். இப்போது நானே பலருக்கு இதைச் சொல்கிறேன், ஒரு திருத்தத்தோடு: பத்தாம் நாள் வாக்கில் போய்ப் பிளேடு வைக்காதீர்கள், அணு இறங்கியிருக்கும் நேரம், கீறல் பட்டால் வம்பு. போவதென்றால் கீமோவுக்கு முன்னாலேயே போய்விடுங்கள், இல்லையென்றால் வீட்டில் டிரிம்மர்.

ஆகவே அவர்கள் கேட்கும் கேள்வியில் நுழைந்து, நீ சொல்ல வேண்டியதில் வெளியே வா. "முடி ரெண்டு மூணு வாரத்துல கொட்டும். ஆனா அதுக்கு முன்னாடி, ரெண்டாவது வாரத்துல, வேற ஒண்ணு நடக்கும்" என்று ஆரம்பித்திருந்தால் தெர்மாமீட்டரையும் பார்த்திருப்பார்கள். எனக்கே இது இப்போதுதான் தோன்றுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். லெசன் பிளானில் கடைசியில் 'மதிப்பீடு' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதினாய்?

கேள்வி கேட்டவர் | ஜூன் 11, இரவு 10.05

"கேள்விகள் கேட்கப்பட்டன, நோயாளிகள் சரியாகப் பதிலளித்தனர்" என்று எழுதினேன். டாக்குக்கு முந்தின நாளே எழுதிவிட்டேன் அக்கா.

ஜூன் 11, இரவு 10.30

நானும் அப்படித்தான் எழுதினேன், எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும். நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் புற்றுநோய்ப் பராமரிப்பு ஒரு யூனிட்டாக வருகிறது, ஆழமாகப் படிக்க ஒரு வருஷ டிப்ளமோவும் உண்டு. மருந்து, அளவு, கிரேடு எல்லாம் சொல்லித் தருகிறார்கள், நானும் தருகிறேன். நோயாளி புரிந்துகொண்டாரா என்று பார்ப்பதற்கு அந்த ஒரு கட்டம்தான், அதையும் முந்தின நாளே நிரப்பிவிடுகிறோம். வாழை விவசாயியிடம் நான் வாங்கிய கையெழுத்தும் அந்தக் கட்டம்தான்.

நாளைக்கு வார்டுக்குப் போவாய் அல்லவா? யாராவது ஒருவரிடம் போய், "ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு கதகதன்னு இருக்கு, என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க" என்று கேள். 'புரிஞ்சுதா' என்று கேட்காதே, புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர் | ஜூன் 12, மாலை 6.50

ஐந்து பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துப் போன் பண்ணுவோம் என்றார்கள். ஒருவர் விடியட்டும் என்று இருப்பேன் என்றார். ஒரு தாத்தா மோர் குடிப்பேன் என்றார். ஐந்தாவது அம்மா எல்லாம் சரியாகச் சொன்னார், போன் நம்பர் எங்கே என்று கேட்டால் சீட்டு வீட்டில் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம். மேடமிடம் கட்டத்தை அடித்துத் திருத்திக் கொடுத்தேன், ஐந்தில் இரண்டு என்று. மேடம் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, இரவு 9.15

மோர்த் தாத்தாவிடம் நாளைக்கு மறுபடியும் போ. பீரோ அம்மாவிடம் நம்பரைத் தெர்மாமீட்டர் டப்பா மேலேயே ஒட்டச் சொல்.

தெர்மாமீட்டர் எது வாங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வாயிலோ அக்குளிலோ வைக்கும் சாதா டிஜிட்டல் போதும், நெற்றியில் காட்டும் துப்பாக்கியை வீட்டில் நம்ப வேண்டாம். சிலவற்றில் பட்டனை அழுத்திப் பிடித்தால் செல்சியஸுக்கு மாறிக்கொள்ளும், 37 என்று காட்டினால் திகைக்காமல் மறுபடி அழுத்துங்கள். வாங்கி வைத்ததையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இதை எழுதிவிட்டு என் வீட்டில் இருப்பதை எடுத்துப் பார்த்தேன், பேட்டரி செத்துக் கிடக்கிறது.

ஜூன் 13, காலை 6.05

கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. கீமோ முடிந்து இரண்டு நாள், 48 மணி நேரம், நோயாளியின் வாந்தி, சிறுநீர், மலம் படிந்த துணியை வெறுங்கையால் துவைக்காதீர்கள். கையுறை போட்டுத் தனியாக அலசுங்கள், கக்கூசில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். கர்ப்பமாக இருக்கும் மருமகள் அந்தத் துணியைத் தொடவே வேண்டாம், மகன் துவைக்கட்டும். மாமியார்கள் யாராவது இதைப் படித்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.